அக்காவுக்குப் பின்னல் போட்டுவிட்டவர்களுக்கு

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வார்டுகளில் வேலை பார்த்த, இன்றும் பார்க்கிற ஆயாம்மாக்கள், சிஸ்டர்கள், அட்டெண்டர்கள், சமையல்கட்டில் இருப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், கேட்டில் நிற்பவர்கள் எல்லாருக்கும்,

மே 12 செவிலியர் தினம். அன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், கேக் வெட்டுவார்கள், மேடையில் சிலருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும்: இந்த நேரத்தில் வார்டில் யார் இருக்கிறார்கள்? யாராவது இருந்துதானே ஆக வேண்டும். அப்படி மேடைக்கு வராமல் வார்டிலேயே நின்றுவிட்டவர்களுக்குத்தான் இந்த மடல். ஆயாம்மாக்களுக்கென்று காலண்டரில் ஒரு நாள் கிடையாது. அதனால் எந்தத் தேதியில் எழுதினாலும் தாமதமாகத்தான் எழுதுகிறேன்.

நான் யார் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ஓர் ஆயாம்மா எனக்குத் 'தறுதலைத் தம்பி' என்று பெயர் வைத்திருந்ததாக அக்கா சொல்லியிருக்கிறாள். பொருத்தமான பெயர்தான். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அக்காவுக்கு 1991இல் நோய் தொடங்கியது. அப்போது வயது 22. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. மனச்சிதைவு என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்வதற்குள் குணசீலம், சோளிங்கர் என்று எல்லாரும் சுற்றுகிற சுற்றை நாங்களும் சுற்றி முடித்திருந்தோம். எலுமிச்சம்பழச் செலவே அம்மாவின் ஒரு ஜோடி வளையலுக்குச் சமம் என்று அப்பா சொல்வார். அம்மா போன பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தெற்கே ஒரு தனியார் விடுதியில் கொண்டுபோய் விட்டோம். பெயர் வேண்டாம். மாதம் பிறந்தால் மணியார்டர் போகும். அப்பா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மொட்டை அடித்திருந்தார்களாம். காலில் சங்கிலியாம். ஆனாலும் மணியார்டர் அனுப்புவதை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அடுத்த சில நாட்களில் அங்கிருந்த காப்பகங்களையெல்லாம் அரசு மூடி, 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அக்கா இருந்தது ஏர்வாடி இல்லை, வேறு ஊர். ஆனால் அப்பா திண்ணையில் பேப்பரை விரித்துப் படித்தவர், மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் காலை எழும்பூரில் அக்காவோடு இறங்கினார். நான் போயிருந்தேன். ஆட்டோக்காரரிடம் அப்பா, "மேடவாக்கம் டேங்க் ரோடு" என்றார். "அங்க எங்க சார்?" அப்பா வாயைத் திறக்கவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல ஊரே கூசுகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்கூட, "கீழ்ப்பாக்கத்துல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "கே.எம்.சி., கே.எம்.சி." என்று திருத்திக்கொள்வார். சினிமாவில் காமெடியனுக்கு வசனம் தீர்ந்துபோனால் கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் போதும், தியேட்டர் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், 1991க்கு முன்னால். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்புவதற்கு 62 வருஷம் முன்பே, 1794இல், கம்பெனி காலத்து டாக்டர் வாலன்டைன் கானலி தொடங்கிய ஆஸ்பத்திரி உங்களுடையது. லோகாக்ஸ் கார்டன் என்ற தோட்டத்துக்கு, இப்போதிருக்கும் இடத்துக்கு, 1871இல் வந்தது. 1922 வரைக்கும் பெயரே பைத்தியக்கார விடுதிதான். அப்புறம் மனநோய் மருத்துவமனை, அதற்கப்புறம் மனநலக் காப்பகம் என்று போர்டை மாற்றி மாற்றி எழுதினார்கள். ஊர் வாயில் எழுதியிருந்ததை யாராலும் அழிக்க முடியவில்லை.

அந்தப் பெயரை நீங்களும் சுமக்கிறீர்கள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்ட அட்டெண்டர் ஒருவரை எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று அவர்கள் கேட்டபோது, காபி ஆறுகிறது என்றாராம்.

அக்கா வந்துசேர்ந்த அன்று அவள் தலை எப்படி இருந்தது என்பதை எழுதியாக வேண்டும். மொட்டை அடித்து மூன்று நாலு மாதம் ஆகியிருக்கும். முளைத்த முடி சிக்குப் பிடித்து, பேன் புழுத்து, காதுக்குப் பின்னால் புண்ணாகிக் கிடந்தது. திரும்பவும் மழித்துவிட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. அப்பாவே அதைத்தான் சொன்னார். அந்த வார்டு ஆயாம்மா, பெயர் எழுத வேண்டாம், எழுதினால் கோபித்துக்கொள்வார், அக்காவின் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எத்தன வாட்டிய்யா மொட்ட அடிப்பீங்க? சாமிக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்து மாத்திரை கொடுத்தபின் வார்டு கொஞ்சம் அடங்கும் இல்லையா, அந்த நேரத்தில் ஆயாம்மா வேப்பெண்ணெய்ப் புட்டியும் பேன்சீப்புமாக உட்கார்ந்துவிடுவார். அக்கா முதல் வாரம் அவர் கையைக் கடித்தாள். இரண்டாம் வாரம் திட்டினாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது ஒவ்வொரு வாரமும் தலை கொஞ்சம் சுத்தமாகியிருக்கும். தீபாவளிக்குப் போனபோது முடி காதைத் தொட்டிருந்தது, இரண்டு பக்கமும் கிளிப் குத்தியிருந்தது. மறுவருஷத் தீபாவளி வாக்கில் எலிவால் மாதிரி ஒரு பின்னல். நுனியில் ரிப்பன் இல்லை, அந்த ஆயாம்மா தன் புடவைக் கரையிலிருந்து கிழித்த துணியைக் கட்டியிருந்தார். அக்கா அதைத் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு எங்களிடம் காட்டினாள். பத்து வருஷத்துக்குப் பிறகு அவள் எங்களிடம் காட்டிய முதல் பொருள் அது.

2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, மறுவருஷம் மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நான் ரயில்வே பார்சல் ஆபீசில் குப்பை கொட்டியவன், சட்டம் படித்தவனில்லை. ஆனாலும் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது 95ஆவது பிரிவு. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்பதும் அதில்தான் வருகிறது. 20ஆவது பிரிவைப் படித்தபோது, சட்டப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரியே இல்லை. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. விருப்பப்பட்டால் சொந்தத் துணியை உடுத்திக்கொள்ளலாம். வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். பெண்களின் சுத்தத்துக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். மகளை ஹாஸ்டலில் விடும்போது ஒரு தாய் வார்டனிடம் சொல்லிவிட்டு வருகிற பட்டியல் போல இருக்கிறது. நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதிய இந்தப் பட்டியலில் மொட்டை பற்றிய வரியைப் படித்ததும் வேப்பெண்ணெய் வாசம்தான் எனக்கு வந்தது. சட்டத்தில் அது ஒரு வரி. வார்டில் அது தலைக்கு ஒரு மத்தியானம். எத்தனை தலை, எத்தனை ஆயாம்மா என்று கணக்குப் பார்த்து ஆள் போடுவது யார் வேலை என்பதையும் அதே வேகத்தில் யாராவது எழுதினால் தேவலை.

உங்களையெல்லாம் தெய்வம், தேவதை என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் நாட்டின் 37 மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து 1999இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல இடங்கள் ஜெயில் மாதிரி இருந்ததை அது மறைக்கவில்லை. இந்தத் தொழிலில் அலுப்பு உண்டு, எரிச்சல் உண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவதும் உண்டு. முகத்தில் எச்சில் வாங்கியவருக்குக் கோபமே வரக்கூடாது என்று எதிர்பார்க்கிற உரிமை, அரை மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது. அதனால் தெய்வத்தை விடுங்கள். நீங்கள் செய்தது மனிதர்கள் செய்யக்கூடிய காரியம்தான். நாங்கள் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்ற சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கண்காணிப்பாளராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் ஓயாமல் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். பத்ம பூஷண் கிடைத்தது. 2021 டிசம்பரில் 98 வயதில் அவர் காலமானபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் ரவுண்ட்ஸில் ஒரு படுக்கைக்கு முன்னால் சில நிமிஷம்தான் நிற்க முடியும். மீதி நேரமெல்லாம் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதில்லை.

நாங்கள் இருந்திருக்க வேண்டும். அப்படியும் ஒரு முறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் 1957இலிருந்தே நோயாளியோடு வீட்டாரும் கூடவே தங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார். மாத்திரையை எப்படிக் கொடுப்பது, கத்தினால் என்ன செய்வது, கத்தாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர்கள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பினார்கள். மருந்தும் மருத்துவரும் ஒரு பக்கம் இருக்க, சோறு ஊட்ட ஒரு சொந்தம் வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சொந்தம் வராத இடத்தில் என்ன செய்வது? அந்தக் காலி இடத்தில்தான் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள், மாதச் சம்பளத்துக்கு. அதிலும் பலருக்கு ஒப்பந்தச் சம்பளம்.

வார்டுக்குள் ஒரு ஊர் நடக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அங்கே தெரு உண்டு, திண்ணை உண்டு, வம்பு உண்டு. யார் தட்டில் வடை பெரிது என்று சண்டை வரும். யாரோ ஒருத்தி எல்லாருடைய சோப்பையும் எடுத்து ஒளித்து வைப்பாள், யாரோ ஒருத்தி அதைக் கண்டுபிடித்து விநியோகம் செய்வாள். பெங்காலி பேசுகிறவள் தெலுங்கு பேசுகிறவளுக்குப் பேன் பார்ப்பாள், இருவரும் அவரவர் பாஷையில் மருமகளைத் திட்டிக்கொள்வார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் வழி தவறி இறங்கியவர்கள், எங்கிருந்து ஏறினோம் என்று சொல்லத் தெரியாதவர்கள். பெயர் தெரியாதவளுக்கு நீங்கள் ஒரு பெயர் வைப்பீர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒருநாள் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

வாயே திறக்காத ஒரு பெண் அக்காவுக்கு இரண்டு கட்டில் தள்ளி இருந்தாள். ஒருநாள் ராத்திரி தூக்கத்தில் முனகியிருக்கிறாள். நைட் டியூட்டி ஆயாம்மா பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, காலையில் சிஸ்டரிடம், "இது ஒரியா மாதிரி இருக்கு சிஸ்டர், எங்க தெருவுல கட்டட வேல செய்ற புள்ளைங்க இப்பிடித்தான் பேசும்" என்றாராம். ஒரியா தெரிந்த ஆளைப் பிடித்துவந்தார்கள். சில மாதத்தில் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து அழைத்துப் போனான். அதற்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை. அந்த ஆயாம்மாவும் எதிர்பார்த்திருக்க மாட்டார். கட்டில் காலியானதும் பெட்ஷீட்டை உருவிச் சலவைக்குப் போட்டிருப்பார்.

அப்புறம் அந்த ரொட்டி. உள்ளே இருப்பவர்களே மாவு பிசைந்து சுடுகிற ரொட்டி அங்கே மட்டுமல்ல, நகரத்தின் மற்ற அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் போயிருக்கிறது. 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லிச் சிரித்தவர்களில் எத்தனை பேர் வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் பாலில் தோய்த்து அதைத் தின்றிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். சின்னப் புத்திதான், என்ன செய்ய. அக்கா ரொட்டிப் பக்கம் போனதில்லை. மருந்துக் கவர் மடிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் கையில் பேப்பர் அகப்பட்டால் கவராகிவிடும். என் சம்பள ஸ்லிப் ஒன்றும் அப்படிப் போயிருக்கிறது.

இனி தறுதலைத் தம்பியின் கதை.

அப்பா 2004இல் போனார். அதற்கு முந்தின வருஷம் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டில், அக்கா டெல்லியில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகள் மாதம் ஒரு ஞாயிறாகி, பண்டிகைக்கு ஒருமுறையாகி, 2005இல் பெரம்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கொளத்தூருக்குப் போனபோது புது விலாசத்தை நான் ஆஸ்பத்திரியில் கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல. கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்து, கொடுக்கவில்லை. கொளத்தூரிலிருந்து உங்கள் வாசலுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. அதுவும் நானாகக் கடக்கவில்லை.

அக்கா வார்டில் எங்கள் பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த மாவு மில்லைச் சொல்வாளாம். தெரு பெயர் மறந்துவிட்டது, கதவு எண் மறந்துவிட்டது, மில் சத்தம் மட்டும் மறக்கவில்லை. ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ் சங்கு ஊதினதும் மில்காரர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போவார் என்பாள். உங்களில் ஓர் அட்டெண்டர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 2012இல் ஒரு வார லீவு நாளில், சொந்த சைக்கிளில், பெரம்பூரில் சங்கு கேட்கும் தூரத்தில் இருக்கிற மாவு மில்களாகப் பார்த்து விசாரித்துக்கொண்டே போயிருக்கிறார். மூன்றாவது மில்லில் எங்களைத் தெரிந்தவர் இருந்தார். எங்கள் வீட்டு இட்லி மாவு வருஷக்கணக்காக அரைத்தவர், குடிபோன இடம் அவருக்குத் தெரியாதா.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கதவைத் திறந்தால் காக்கி பேன்ட் போட்ட ஒருவர், கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றார். அக்கா செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு விநாடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதுவதற்கு இந்த மடலிலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். "உங்க அக்கா நல்லா இருக்காங்க தம்பி. நல்லா சாப்பிடறாங்க. தம்பி டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிட்டானான்னு கேக்கறாங்க, அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டெல்லி அன்றோடு முடிந்தது.

வீட்டார் இல்லை, வீடு இல்லை, வீட்டார் ஏற்க மறுக்கிறார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்று புதுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. 'வீட்டார் ஏற்க மறுக்கிறார்கள்' என்ற இடம் வரும்போது எனக்கு இன்றும் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அந்த அட்டெண்டருக்கு 2012இல் இந்தச் சட்டம் கிடையாது. அவரை யாரும் அனுப்பவும் இல்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டிய காசைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

உடனே அழைத்து வந்துவிடவில்லை. அதற்கும் ஒரு வருஷம் பிடித்தது. முதலில் நான் மட்டும் வந்தேன், அப்புறம் மனைவியும் வந்தாள். அப்புறம் பண்டிகைக்கு இரண்டு நாள், பிறகு ஒரு வாரம் என்று வீட்டில் வைத்திருந்து பார்த்தோம். 2013இல் டிஸ்சார்ஜ். சீட்டில் மருந்துகளின் பெயரும் வேளையும் எழுதியிருந்தது, சிஸ்டர் பொறுமையாக இரண்டு முறை விளக்கினார். பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது ஆயாம்மாக்கள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். உண்மையான டிஸ்சார்ஜ் அங்கேதான் நடந்தது. "ராவு மாத்திரைய நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கும். தண்ணி குடிச்சதும் ரெண்டு வார்த்த பேசவிட்டுப் பாரு." "முருங்கக்கீர போட்டா தட்டத் தள்ளிடும், அதுக்காவ கோச்சிக்காத." "ஃபேன் சத்தத்துல யாரோ திட்றாங்கன்னும். அப்ப ரேடியோவப் போட்டு வுடு, சரியாப்பூடும்." "கை நடுங்குனா பயந்துக்காத, மருந்தாலதான். சிஸ்டராண்ட சொன்னா அதுக்கு ஒரு மாத்திர தருவாங்க." "கோவமா இருக்கப்ப அக்கான்னு கூப்புடாத, பேரச் சொல்லிக் கூப்புடு." கடைசியாகச் சொன்னது எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு விளங்கியது. அவளுக்குக் கேட்கிற குரல்களில் ஒன்று அவளை அக்கா என்றுதான் கூப்பிடுமாம். அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. கழிவறை கழுவ வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு டைரியில் எழுதி வைத்தேன். இன்றும் இருக்கிறது. மாத்திரைக்குப் பதில் மாதம் ஒரு ஊசி என்று ஆனபின் முதல் வரி மட்டும் தேவைப்படவில்லை. மற்றதெல்லாம் அப்படியே.

வெளியே வந்தாலும் அக்காவுக்கு அது அம்மா வீடு மாதிரி. 2019 மக்களவைத் தேர்தலில் உங்கள் வளாகத்துக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்து, உள்ளே இருப்பவர்கள் 150 பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட செய்தியைப் படித்துக் காட்டினேன். மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு நிற்கிற படத்தை வாங்கி, யார் யார் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். நீங்கள் யாரும் படத்தில் இல்லை என்பதைக் கவனித்து, "க்யூவுல நிக்க வெச்சது அவங்கதான்" என்றாள். 2022 அக்டோபரில் அங்கே குணமான இரண்டு பேருக்கு வளாகத்துக் கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. மந்திரிகள் வந்தார்கள், டிவியில் காட்டினார்கள். ஊரெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அக்கா மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பத்திரிகை அனுப்பவில்லையாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஊசிக்கு வருகிறோம். எப்போதும் ஓ.பி.யோடு திரும்பிவிடுவோம். இந்த முறை உள்ளே வார்டுக்கும் வர வேண்டும் என்கிறாள். அனுமதி கேட்க வேண்டியவர்களிடம் கேட்டிருக்கிறேன். இதில் உங்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வீட்டில் அவளுக்குத் தலை பின்னுவது இப்போது என் வேலை. என் மனைவி இறுக்கி இழுக்கிறாளாம், தலை வலிக்கிறதாம். நான் போட்டால் வீதி முனை போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. "ஆயாம்மா போட்டா மறுநாள் வரைக்கும் நிக்கும்" என்று தினமும் சொல்லிக்காட்டுகிறாள். அன்று டியூட்டியில் இருப்பவர் யாராயிருந்தாலும் சரி, ஒருமுறை மெதுவாகப் போட்டுக் காட்டுங்கள். பார்த்துக்கொள்கிறேன்.

வரும்போது நாலு முழம் மல்லி வாங்க வேண்டும் என்று உத்தரவு. பேன் பார்த்த ஆயாம்மா ரிடையராகிவிட்டார் என்று சொன்னேன். அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பு என்றாள். அது ஒரு முழம். ஒன்று சிஸ்டருக்கு. ஒன்று கவர் மடிக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு. நாலாவது முழம், பூவைத் தலையில் வைத்துவிட்டால் உருவித் தின்றுவிடுவாரே, அந்தப் பாட்டிக்கு. அவர் இன்னும் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டு வாங்கலாம் என்றேன். நீ வாங்கு என்கிறாள்.

இப்படிக்கு,
தறுதலைத் தம்பி